புள்ளி மறையும், ஒட்டுண்ணி மறையாது: கடல்நீர்த் தொட்டியில் வெண்புள்ளி வந்தால்

சாயங்காலம் டேங்க் லைட்டைப் போட்டதும் டாங் மீனின் துடுப்பில் ரவை ஒட்டினாற்போல நாலைந்து வெள்ளைப் புள்ளி. கை உடனே மருந்து பாட்டிலைத் தேடும். அந்தக் கையைக் கொஞ்ச நேரம் கட்டிப்போடுங்கள். தப்பான நோய்க்குக் கொடுத்த மருந்தாலும், சரியான மருந்தைப் பாதி நாளில் நிறுத்தியதாலும் செத்த மீன்கள் நிறைய.

நன்னீர் மீன் வளர்த்துவிட்டு வந்தவர்களுக்குக் கல்லுப்பு ஒரு பிடி, மஞ்சள்தூள் ஒரு சிட்டிகை, ஹீட்டரை 30 டிகிரிக்கு ஏற்றுவது என்று ஒரு கைவைத்தியம் பழகியிருக்கும். நன்னீர் வெண்புள்ளியும் கடல்நீர் வெண்புள்ளியும் பார்வைக்கு அண்ணன் தம்பி. ரத்த உறவு கிடையாது. கடலில் வருவது கிரிப்டோகாரியான் இரிட்டான்ஸ் என்ற ஒட்டுண்ணி. உப்பு அதற்கு வீடு. சூடு ஏற்றினால் சாகாது, வேகமாகப் பெருகும். பூண்டுச் சாறு தடவிய தீனியை மீன் ஆசையாகத் தின்னும், அவ்வளவுதான். யூவி விளக்கு தன் குழாய்க்குள் வரும் ஒட்டுண்ணியை மட்டும் கொல்லும். மீனுக்குப் பக்கத்திலேயே பொரிப்பதை அது பார்ப்பதே இல்லை. பவளத்தோடு சேர்த்துப் போடலாம் என்று விற்கும் திரவங்களை நம்பாதீர்கள். ஒட்டுண்ணியைக் கொல்லும் வீரியம் இருந்தால் இறாலையும் பவளத்தையும் அது விட்டுவைப்பது கடினம்.

முதல் வேலை, எது என்று பார்ப்பது

மீனின் மூச்சை எண்ணுங்கள். செவுள் மூடி ஒரு முறை திறந்து மூடினால் ஒன்று. போன் கடிகாரத்தில் 15 வினாடி எண்ணி நாலால் பெருக்கினால் போதும். சிறு மீன்களில் நிமிடத்துக்கு 80ஐத் தாண்டினால் கவலை, 100ஐத் தாண்டினால் அவசரம். அம்மோனியா ஏறியிருந்தாலும் மூச்சு வாங்கும் என்பதால் அம்மோனியா டெஸ்டையும் கையோடு செய்துவிடுங்கள்.

அடுத்து டேங்க் லைட்டையும் அறை விளக்கையும் அணைத்து, போன் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து மீனைப் பாருங்கள். எதிரே நின்று பார்த்தால் தெரியாதது பக்க வெளிச்சத்தில் தெரியும். தனித்தனியாக எண்ணக்கூடிய, உப்புக்கல் அளவுப் புள்ளி என்றால் கிரிப்டோகாரியான். எண்ணவே முடியாமல், முகப்பவுடர் பூசினாற்போல மெல்லிய மஞ்சள் கலந்த தூசி என்றால் வெல்வெட், அதாவது அமைலூடினியம். வெல்வெட் முதலில் செவுளைத்தான் பிடிக்கும். அதனால் தோலில் எதுவும் தெரியாமலே மீன் மூச்சிரைத்து, வெளிச்சத்தைத் தவிர்த்து, பவர்ஹெட் மோட்டாரிலிருந்து வரும் நீரோட்டத்துக்கு நேரே முகத்தை வைத்து நிற்கும். இப்படி நிற்கும் மீனுக்கு இருப்பது இரண்டு மூன்று நாள்தான்.

க்ளவுன் மீனில் புள்ளிக்குப் பதில் கஞ்சி போலக் கொழகொழப்பு திரண்டு, தோல் பிசிறு பிசிறாக உரிந்தால் புரூக்லினெல்லா. க்ரோமிஸ் மீனின் விலாவில் சிவந்த புண் என்றால் யூரோனீமா. மீன் கல்லில் உரசிக்கொண்டே இருக்கிறது, கண் மங்கலாகிறது, புள்ளி மட்டும் இல்லை என்றால் தட்டைப்புழுவைச் சந்தேகிக்கலாம். துடுப்பு ஓரத்தில் காலிஃபிளவர் மாதிரி திரண்டு மாதக்கணக்கில் அசையாமல் இருப்பது வைரஸால் வரும் லிம்ஃபோசிஸ்டிஸ். அதற்கு மருந்தே வேண்டாம், சுத்தமான தண்ணீரும் நல்ல தீனியும் போதும்.

சந்தேகம் தீரவில்லை என்றால் வெல்வெட் என்றே எடுத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள். வெண்புள்ளி சில நாள் பொறுக்கும், வெல்வெட் பொறுக்காது.

புள்ளி ஏன் தானாக மறைகிறது

வெள்ளிக்கிழமை புள்ளி இருந்தது, புதன்கிழமை இல்லை. மருந்து விற்றவருக்கு நல்ல பெயர். பத்து நாள் கழித்து மறுபடி புள்ளி, இந்த முறை பத்து மடங்கு. இந்தக் கணக்கு புரிந்தால் சிகிச்சையில் பாதி முடிந்தது.

அந்தப் புள்ளி மீனின் மேல் ஒட்டியிருப்பது அல்ல. ஒட்டுண்ணி தோலின் மேலடுக்குக்குள் புகுந்து தின்றுகொண்டிருக்கிறது. 3 முதல் 7 நாள் அங்கேதான் இருக்கும். மருந்தாக நீரில் கலக்கும் தாமிரம் அதைத் தொடாது. வயிறு நிறைந்ததும், பெரும்பாலும் இருட்டில், மீனை விட்டு இறங்கும். சில மணி நேரம் தரையில் ஊர்ந்து மணலிலோ கல்லிலோ கண்ணாடியிலோ ஒட்டிக்கொண்டு கூடு கட்டும். கூட்டுக்குள்ளும் தாமிரம் போகாது. உள்ளே பிளந்து பிளந்து நூற்றுக்கணக்கில் பெருகும். சில கூடுகள் 3 நாளில் வெடிக்கும், பெரும்பாலானவை 4 வாரத்துக்குள். பதிவானதில் மிகத் தாமதமானது 72 நாள். வெளியே வரும் நீந்தும் ஒட்டுண்ணி ஒன்றிரண்டு நாளுக்குள் ஒரு மீனைப் பிடிக்க வேண்டும், இல்லையேல் சாகும். தாமிரம் கொல்வது இந்தக் கடைசிக் கட்டத்தை மட்டும்.

ஆகவே புதன்கிழமை மறைந்த புள்ளி செத்துப் போகவில்லை, மணலுக்கு இறங்கியிருக்கிறது. சிகிச்சை என்பது மருந்தைவிட நாட்காட்டிதான். சமையலறை காலண்டரில் முதல் நாளை வட்டமிட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

சிகிச்சைத் தொட்டியும் தண்ணீரும்

பெரிய தொட்டியில் மருந்து ஊற்றக்கூடாது. மணலும், பாக்டீரியா குடியிருக்கும் லைவ் ராக் கல்லும் தாமிரத்தை உறிஞ்சிக்கொள்ளும். இன்று அளவு காட்டாது, பின்னால் கசியும். இறால், நண்டு, நத்தை, அனிமோன் எல்லாம் செத்து அந்த அழுகலில் மீனும் சாகும். எல்லா மீனையும் வெளியே எடுங்கள். புள்ளி இல்லாத மீனையும் சேர்த்துத்தான். "இது நல்லா இருக்கே" என்று ஒரு டாம்சல் மீனை உள்ளே விட்டால், மொத்த வேலையும் அந்த ஒரு டாம்சலுக்காக வீண்.

இரண்டடிக்கு ஓரடிக்கு ஒன்றேகால் அடி என்று கடையில் கிடைக்கும் வெறும் கண்ணாடித் தொட்டி போதும். உள்ளளவு நீளம் 60, அகலம் 30, நீர் உயரம் 33 சென்டிமீட்டர் என்றால் பெருக்கி ஆயிரத்தால் வகுக்க 59.4, சுமார் 60 லிட்டர். இந்தக் கணக்கைத் துல்லியமாகப் போடுங்கள். மருந்தளவு எல்லாம் இதிலிருந்துதான். மணல் வேண்டாம். ஒளிந்துகொள்ள இரண்டங்குல பிவிசி எல்போ மூன்று நான்கு. ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர், தனியாக ஓர் ஏர்ஸ்டோன், மூடி. அந்த ஸ்பாஞ்சை எப்போதும் பெரிய தொட்டியின் சம்ப்பில் (நீர் சுத்தமாகும் துணைத் தொட்டியில்) ஊறப்போட்டு வைத்திருந்தால் நல்ல பாக்டீரியா ஏற்கெனவே இருக்கும். நோய் வந்த பிறகு அதே ஸ்பாஞ்சை எடுக்கும்போது அதோடு கூடுகளும் வரும். தாமிரமோ குறைந்த உப்போ கொடுக்கும் தொட்டியில் அது பரவாயில்லை; கீழே வரும் தொட்டி மாற்றும் முறையில் வைக்கவே கூடாது. பெரிய தொட்டியிலிருந்து 3 மீட்டராவது தள்ளி வையுங்கள். ஏர்ஸ்டோன் கிளப்பும் நுண்துளிகளில் வெல்வெட் பயணம் செய்யும்.

தண்ணீர் விஷயத்தில் நம் கரைக்கு ஒரு வசதியும் ஒரு வம்பும் உண்டு. வசதி, கடல் பக்கத்திலேயே இருக்கிறது. வம்பு, அந்தக் கடலில் ஆறுகளும் கலக்கின்றன. கடலூரில் தென்பெண்ணை, கெடிலம், உப்பனாறு முகங்களுக்கு அருகிலும், புதுச்சேரியில் சுண்ணாம்பாறு முகத்துக்கு அருகிலும் தண்ணீர் எடுக்காதீர்கள். உப்பனாற்றங்கரையில் சிப்காட் தொழிற்பேட்டை இருப்பதை மறக்க வேண்டாம். மீன்பிடிக்கப் போகும் ஃபைபர் போட்டில் சுத்தமான கேன் கொடுத்துவிட்டு, கரையிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி நிரப்பச் சொல்வதே உத்தமம். டீசல் வைத்திருந்த கேனா என்று மூக்கை வைத்து ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் கரையோரக் கடலின் உப்பு ஆயிரத்துக்கு 30க்குக் கீழே இறங்குவது சாதாரணம். கோடையில் எடுத்த நீர் என்று நினைத்துக்கொண்டு அளக்காமல் ஊற்றினால் மீனுக்கு அதுவே ஓர் அடி. உப்பு அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரை 35 உப்பளவுத் திரவத்தில் சரிபார்த்துப் பயன்படுத்துங்கள். ஊசி ஆடும் பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டரை இந்த வேலைக்கு நம்பக்கூடாது.

கடல்நீரை அப்படியே ஊற்றினால் அதோடு ஒட்டுண்ணியும் வரலாம். இறால் குஞ்சுப் பண்ணைகளில் செய்வதைத்தான் வீட்டிலும் செய்ய வேண்டும். 200 லிட்டர் நீல டிரம்மில் துணிப்பையில் வடிகட்டிய நீர். 30 சதவீதம் குளோரின் உள்ள பிளீச்சிங் பவுடர் 13 கிராமை ஒரு மக்கில் கரைத்து, தெளியவிட்டு, மேல் தெளிவை மட்டும் ஊற்றினால் லிட்டருக்கு 20 மில்லிகிராம் குளோரின் கிடைக்கும். பிரித்துப் பல மாதமான பாக்கெட்டில் வீரியம் இருக்காது, புதிதாக வாங்குங்கள். ஒரு நாள் மூடி வைத்து, மறுநாள் முழுக்கக் காற்றடித்து, குளோரின் டெஸ்ட் சொட்டு போட்டுப் பாருங்கள். மஞ்சள் தெரிந்தால் குளோரின் இன்னும் இருக்கிறது. மீதமுள்ள குளோரினில் 1 மில்லிகிராமுக்கு 7 மில்லிகிராம் சோடியம் தயோசல்ஃபேட், ஸ்டுடியோக்காரர்கள் ஹைப்போ என்று சொல்லும் அதே படிகம். லிட்டருக்கு 2 மில்லிகிராம் மீதி என்றால் 200 லிட்டருக்கு 2.8 கிராம். சொட்டு நிறமே காட்டாத பிறகுதான் மீன்.

மரக்காணம் உப்பை ஆர்ஓ தண்ணீரில் கரைத்தால் கடல்நீர் ஆகிவிடாதா என்று கேட்பவர்கள் உண்டு. ஆகாது. உப்பளத்தில் விளைவது கிட்டத்தட்ட வெறும் சோடியம் குளோரைடு. கால்சியமும் காரத்தன்மையும் பெரும்பாலும் முந்தைய பாத்திகளிலேயே படிந்துவிட்டன, மக்னீசியம் வடிந்துபோன கழிவுநீரோடு போய்விட்டது. கடல்நீர் கிடைக்காதவர்கள் பாக்கெட் கடலுப்பை லிட்டருக்கு 35 முதல் 38 கிராம் கரைத்து, அளந்து, ஒரு நாள் சுழலவிட்டுப் பயன்படுத்தலாம்.

வெண்புள்ளிக்கு மூன்று வழி

மருந்தே இல்லாத வழிதான் எங்கள் முதல் தேர்வு: தொட்டி மாற்றுவது. ஒட்டுண்ணி மீனில் இருப்பது அதிகபட்சம் 7 நாள். கீழே இறங்கியது கூடு கட்டி வெடிக்கக் குறைந்தது 3 நாள். வெடிப்பதற்கு முன் மீனை வேறு தொட்டிக்கு மாற்றிவிட்டால் அது யாரைப் பிடிக்கும்?

20, 25 லிட்டர் பிளாஸ்டிக் டப் இரண்டு, ஏர் மோட்டார் இரண்டு, ஒளிய எல்போ இரண்டு ஜோடி. முதல் நாள் காலை 7 மணிக்கு முதல் டப்பில் மீன். 4ஆம் நாள் காலை 7 மணிக்கு முன் இரண்டாவது டப்புக்கு. 7ஆம் நாள், 10ஆம் நாள், 13ஆம் நாள் அதேபோல. 13ஆம் நாள் போவது புதிய, உலர்ந்த கண்காணிப்புத் தொட்டிக்கு. 72 மணி என்பது உச்சவரம்பு. "சாயங்காலம் ஆபீஸ் விட்டு வந்து மாத்திக்கலாம்" என்று 82 மணி ஆனால் முழுக் கணக்கும் முதலிலிருந்து. இரண்டு டப்பின் நீரும் ஒரே வெப்பம், ஒரே உப்பு. இதனால்தான் டிரம் நீர் முன்கூட்டியே தயாராக இருக்க வேண்டும்.

மாற்றும்போது வலை வேண்டாம். டாங் மீனின் வால் முள் வலையில் சிக்கும், தோலும் கிழியும். சமையலறைப் பிளாஸ்டிக் வடிகூடையால் அள்ளி, நீரை வடித்து, மீனை மட்டும் விடுங்கள். பழைய டப் நீர் ஒரு டம்ளர்கூடப் புதியதில் சேரக்கூடாது. காலியான டப், ஏர்ஸ்டோன், எல்போ, கூடை எல்லாவற்றையும் கழுவி, மொட்டை மாடி வெயிலில் ஒரு முழு நாள் எலும்பாய்க் காயவிடுங்கள். ஏர் டியூபின் உள்பக்க ஈரம்தான் பலருக்கு மறந்துபோவது. ஊதி வெளியேற்றித் தொங்கவிடுங்கள். தீனி குறைவாக, மிச்சத்தை உறிஞ்சி எடுத்து. மூன்று நாளில் அம்மோனியா பெரிதாக ஏறாது, ஆனால் இரண்டாம் நாள் மாலை ஒரு டெஸ்ட் போடுங்கள்.

இந்த வழி வெல்வெட்டுக்கு ஆகாது. மீன் நிறைய இருந்தாலோ பெரிய மீன் என்றாலோ டப் கட்டுப்படி ஆகாது.

இரண்டாவது வழி, உப்பைக் குறைப்பது. ஆயிரத்துக்கு 12 அளவில், ஹைட்ரோமீட்டர் கணக்கில் 1.009, கிரிப்டோகாரியானால் தாக்குப்பிடிக்க முடியாது. மீன் தாங்கும். 60 லிட்டர் தொட்டியில் உப்பு 35 என்றால், 12 மணி நேரத்துக்கு ஒருமுறை 15 லிட்டர் எடுத்துவிட்டு அதே அளவு ஆர்ஓ நீர் விடுங்கள். 35 முதலில் 26 ஆகும், பிறகு 20, பிறகு 15. நாலாவது முறை 11 லிட்டர் மட்டும் மாற்றினால் 12க்கு வந்து நிற்கும். கடைசிப் புள்ளி மறைந்த நாளிலிருந்து 30 நாள் அப்படியே வைத்திருக்க வேண்டும்.

இது தோற்பது பெரும்பாலும் ஆவியாதலால். சித்திரை, வைகாசியில் தொட்டி மேல் ஃபேன் ஓடினால் நீர் குறைந்துகொண்டே இருக்கும். 60 லிட்டரில் 6 லிட்டர் போனால் 12 என்பது 13.3. இப்படி ஏற விட்டால் சிகிச்சை முறிந்தது, 30 நாள் மறுபடி ஒன்றிலிருந்து. கண்ணாடியில் மார்க்கர் கோடு போட்டு, காலையும் மாலையும் ஆர்ஓ நீர் விட்டுக் கோட்டுக்குக் கொண்டுவாருங்கள். இரண்டாவது சிக்கல் பிஎச். உப்போடு காரத்தன்மையும் மூன்றில் ஒரு பங்காகிவிட்டது. 7.8க்குக் கீழே போனால் ஆப்ப சோடா கால் டீஸ்பூனை ஒரு டம்ளர் ஆர்ஓ நீரில் கரைத்து, அரைமணி நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, மறுநாள் அளந்து பார்த்து அடுத்தது. முடிந்ததும் உப்பை ஏற்றும்போது அவசரம் கூடாது. இறங்குவதைத் தாங்கும் மீன் ஏறுவதை அவ்வளவாகத் தாங்காது. நாளுக்கு 2, 3 அளவு. குறைந்த உப்பைத் தாங்கும் வெண்புள்ளி வகைகளும் பதிவாகியிருக்கின்றன. இரண்டு வாரத்துக்குப் பிறகும் புதுப் புள்ளி வந்தால் தாமிரத்துக்கு மாறுங்கள்.

மூன்றாவது, தாமிரம். ஊர்க் கடையில் கிடைக்கும் மயில்துத்தமும் தாமிரம்தான். விவசாயத்துக்கு விற்பது சுத்தமானதல்ல என்பதால் லேப் தரத்தில்தான் வாங்க வேண்டும். 1 கிராமை 250 மில்லி காய்ச்சி வடித்த நீரில் கரைத்தால் 1 மில்லியில் ஏறக்குறைய 1 மில்லிகிராம் தாமிரம் இருக்கும். 60 லிட்டரை, லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் என்ற அளவுக்குக் கொண்டுவர 12 மில்லி. இரண்டு நாளில் நாலு தவணையாக 3 மில்லி வீதம். கணக்கு எளிது, நடைமுறை கொடுமை. 0.15க்குக் கீழே ஒட்டுண்ணி சாகாது, 0.25க்கு மேலே மீன் தள்ளாடும். வீட்டில் தாமிரம் அளக்க இருப்பதில் நல்ல கருவியான ஹன்னா ஹெச்ஐ702 காட்டும் எண்ணிலேயே 0.05 முன்பின் இருக்கலாம். நமக்கு இருக்கும் இடைவெளி முழுவதையும் கருவியின் பிழையே தின்றுவிடுகிறது. போதாக்குறைக்கு, கடல்நீரின் கார்பனேட் தாமிரத்தைக் கீழே படிய வைத்துக்கொண்டே இருக்கும். ஆகவே வீட்டில் மயில்துத்தத்தை நாங்கள் பரிந்துரைப்பதில்லை.

சீகெம் குப்ரமின் போன்ற தாமிர மருந்துத் தயாரிப்பில் இலக்கு 0.5, அங்கே 0.05 பிழை பெரிதில்லை. 40 லிட்டருக்கு 1 மில்லி, 48 மணி நேரம் கழித்து இன்னொரு 1 மில்லி. நம் 60 லிட்டருக்கு 1.5, பிறகு 1.5. தினமும் அளந்து குறைந்ததை ஈடுகட்டுங்கள். லேபிள் சொல்வது 14 நாள். 14 நாள் முடித்து மீனை வேறு சுத்தமான தொட்டிக்கு மாற்ற முடிந்தால் அது போதும். அதே தொட்டியில் விடுவதாக இருந்தால் 30 நாள் முழுமையாக, ஏனென்றால் தரையில் உள்ள கூடுகள் வெடித்துத் தீர வேண்டும்.

இரண்டு எச்சரிக்கை. அம்மோனியாவைக் கட்டும் திரவங்களையும் குளோரின் நீக்கும் திரவங்களையும் குப்ரமினோடு சேர்க்காதீர்கள். தாமிரம் வேறு வடிவத்துக்கு மாறி மீனையே கொல்லும். அம்மோனியா ஏறினால் தண்ணீர் மாற்றுவது ஒன்றே வழி. 20 லிட்டர் மாற்றுகிறீர்கள் என்றால் அந்தப் புது நீரில் முதலிலேயே 1 மில்லி கலந்துவிட்டு ஊற்றினால் அளவு அசையாது. அடுத்தது, லயன்ஃபிஷ், மாண்டரின், குள்ள ஏஞ்சல் வகைகளுக்குத் தாமிரம் ஒத்துக்கொள்ளாது. அவற்றுக்குத் தொட்டி மாற்றும் முறைதான்.

மற்றவற்றுக்கு

வெல்வெட் என்று தெரிந்தால் முதலில் நன்னீர்க் குளியல். ஆர்ஓ நீர் 10 லிட்டர், தொட்டியின் அதே வெப்பம், ஆப்ப சோடாவால் அதே பிஎச், ஒரு மணி நேரம் முன்பே காற்றடித்தது. அதில் 5 நிமிடம். மீன் சில வினாடி பக்கவாட்டில் சாய்ந்தால் பயப்பட வேண்டாம், செவுள் அசைவு நின்றால் உடனே எடுங்கள். இது செவுளில் இருப்பதில் ஒரு பங்கை உதிர்த்து மூச்சு விட இடம் கொடுக்கும்; குணமாக்காது. குளியலிலிருந்து நேரே தாமிரத் தொட்டிக்கு. உப்பைக் குறைப்பது இதற்குப் பலனில்லை.

அதே குளியல் தட்டைப்புழுவுக்குச் சோதனையும் ஆகும். கறுப்பு டப்பில் செய்யுங்கள். நீரில் கண்ணாடிபோல் இருந்த புழு வெளுத்து, எள் அளவில் அடியில் விழுந்து கிடக்கும். புழு விழுந்தால் பிராசிகுவாண்டல், லிட்டருக்கு 2.5 மில்லிகிராம். 60 லிட்டருக்கு 150 மில்லிகிராம், அதாவது 600 மில்லிகிராம் மாத்திரையில் கால் பங்கு. பொடித்து, நகை நிறுக்கும் சிறு டிஜிட்டல் தராசில் நிறுத்துப் போடுங்கள். பைரண்டெல் முதலியவை சேர்ந்த நாய் மாத்திரை வேண்டாம், தனி பிராசிகுவாண்டல்தான். நீரில் லேசில் கரையாது. கொஞ்சம் நீரில் நன்றாகக் குலுக்கி, ஏர்ஸ்டோனுக்கு மேலே விடுங்கள். முட்டையை இது தொடாது. 7 நாளில் இரண்டாவது தவணை கட்டாயம். கடற்கரைக் கருங்கல் இடுக்குகளில் தூண்டிலிலோ வலையிலோ பிடித்த மீனைத் தொட்டியில் விடுவோருக்கு இந்தச் சோதனை தவறாமல் தேவை. கடலில் பிடித்த மீனில் புழு இருப்பது இயல்பு.

புரூக்லினெல்லாவுக்குத் தாமிரம் கை கொடுக்காது, ஃபார்மலின். 37 சதவீத ஃபார்மலின் 10 லிட்டர் கடல்நீருக்கு 1.5 மில்லி, 45 நிமிடம், வலுவான காற்றோடு. ஃபார்மலின் நீரின் ஆக்சிஜனைக் குடிக்கும். நம் ஊர் மே மாத 31 டிகிரி நீரில் ஏற்கெனவே ஆக்சிஜன் குறைவு என்பதால் அளவைக் கூட்டாதீர்கள், விடியற்காலையில் செய்யுங்கள். குளித்த மீனைப் பழைய தொட்டியில் திரும்ப விடாமல் புதுத் தொட்டியில் விட வேண்டும். ஒருநாள் விட்டு ஒருநாள், மூன்று முறை. கையுறை, திறந்த ஜன்னல், குழந்தைகள் இல்லாத இடம். பாட்டில் அடியில் வெள்ளையாகப் படிந்திருந்தால் அந்த ஃபார்மலின் மீனுக்கு விஷம், தொடாதீர்கள். யூரோனீமா பாக்டீரியாவைத் தின்றே தொட்டியில் வாழும், மீனுக்காகக் காத்திருக்காது. புண் வந்த க்ரோமிஸ் பிழைப்பது அரிது.

காலியாக விட்ட பெரிய தொட்டி

மீன் இல்லாமல் 76 நாள். 72ஆம் நாள் வெடித்த கூட்டிலிருந்து வருவது மீன் கிடைக்காமல் சாவதற்கும் சேர்த்து நாலு நாள். வைகாசி 1 தொடங்கினால் ஆடி நடுவில் முடியும், வீட்டில் யாராவது கேட்டால் அப்படிச் சொல்லுங்கள். நீர் 27 டிகிரி அளவில் இருந்தால் பெரும்பாலானவை சீக்கிரமே தீர்ந்துவிடும் என்பதால் 45 நாளில் முடிப்பவர்கள் உண்டு. அந்த 31 நாளை மிச்சம் பிடிக்கப் போய் மறுபடி தொடங்குவது லாபமில்லை.

இறால், நண்டு, பவளம் உள்ளேயே இருக்கட்டும்; இந்த ஒட்டுண்ணிகளுக்கு அவை தீனி ஆகாது. வாரத்துக்கு இரண்டு மூன்று முறை ஒரு சிட்டிகைத் தீனி போட்டால் பாக்டீரியா பட்டினி கிடக்காது. வலை, சைஃபன் குழாய், வாளி எதுவும் இரண்டு தொட்டிக்கும் பொது கூடாது. சிவப்பு டேப் ஒட்டியது சிகிச்சைத் தொட்டிக்கு, நீல டேப் பெரிய தொட்டிக்கு. தினமும் முதலில் பெரிய தொட்டி வேலை, பிறகு சிகிச்சைத் தொட்டி, பிறகு முழங்கை வரை சோப்பு. வரிசை மாறினால் ஈரக் கையே கடத்திவிடும். இந்த நாட்களுக்கு நடுவே வாங்கும் புதுப் பவளத்துண்டோ நத்தையோ கூட்டைச் சுமந்து வரலாம். அதை உள்ளே விட்ட நாள் மறுபடி முதல் நாள்.

புது மீன்

நம் பக்கத்துக்கு மீன் பெரும்பாலும் சென்னை கொளத்தூர் சந்தை வழியாகத்தான் வருகிறது. கடைகளில் இருபது தொட்டிக்கும் ஒரே சம்ப் என்றால் ஒரு மீனின் நோய் இருபதுக்கும் பொது. பைக்குள் நாலைந்து மணி நேரப் பஸ் பயணம், அம்மோனியா, சூடு. இப்படி வந்த மீனில் அடங்கிக் கிடந்த ஒட்டுண்ணி முதல் வாரத்திலேயே தலைகாட்டும். கடையில் தீனி தின்னக் காட்டச் சொல்லுங்கள், மூச்சை எண்ணுங்கள், அதே தொட்டியில் செத்த மீன் இருக்கிறதா பாருங்கள். வீட்டுக்கு வந்ததும் நேரே தொட்டி மாற்றும் முறை 13 நாள். கண்காணிப்புத் தொட்டிக்கு வந்த பிறகு பிராசிகுவாண்டல் இரண்டு தவணை, அதன்பின் இரண்டு வாரம் சும்மா பார்த்திருப்பது. வாரக்கணக்கில் கடையிலேயே இருந்த மீன் என்பது நல்ல சான்றிதழ் இல்லை. கடையிலேயே தாமிரத்தில் அடக்கி வைத்திருக்கலாம்.

மழைக்காலத்தில் நீண்ட சிகிச்சை தொடங்குவதாக இருந்தால் மின்சாரத்தை முதலில் யோசியுங்கள். 2011 டிசம்பரில் தானே புயலிலும், 2024 நவம்பர் 30 அன்று ஃபெங்கலிலும் இந்தக் கரையில் விளக்கு எப்போது வரும் என்று தெரியாமல் கிடந்தோம். வெறும் கண்ணாடித் தொட்டியில் காற்று நின்றால் மருந்து போட்ட நீரில் மீன் மணிக்கணக்கில்தான் தாங்கும். பேட்டரி ஏர் பம்ப் இரண்டு, அதற்கு உதிரி பேட்டரி, தயாராகக் குளோரின் நீக்கிய நீர் ஒரு டிரம். புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறிய அன்றே தீனியை நிறுத்திவிடுங்கள். மூன்று நாள் பட்டினியை மீன் தாங்கும், அம்மோனியாவைத் தாங்காது.

சிகிச்சை முடிந்த தாமிர நீரைத் தெருக் கால்வாயில் கொட்டாதீர்கள், அது போய்ச் சேர்வது இதே கடலுக்குத்தான். ஆக்டிவேட்டட் கார்பன் பையை ஒரு நாள் ஓடவிட்டு, ஹெச்ஐ702 பூஜ்யம் காட்டும் வரை கார்பனை மாற்றி, பிறகு வடித்துவிடுங்கள்.